ராஜா ஒளிந்த மணிக்கூண்டு

அன்புள்ள ஹெஸ்டர்,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றேனே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இந்த எழுநூறு வருஷத் தேவாலயத்துக்கு, நான் மணியடிக்கிற கோயில்பிள்ளையாக வந்த பிறகுதான் பெருமையே வந்தது. எதிரிகளுக்குப் பயந்து ஒரு ராஜா மணிக்கூண்டில் மூன்று நாள் ஒளிந்திருந்தார் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்தேன். போன செவ்வாயன்று அந்தக் கூண்டைப் பார்க்கப் பேராயரே என்னைத் தேடி வந்துவிட்டார். மேலே ஏறும்போது கூண்டுக் கதவுக்குப் பாட்டுப்புத்தகத்தை முட்டுக்கொடுப்பது வழக்கம். அன்று பேச்சு மும்முரத்தில் மறந்துவிட்டேன். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாளோ வெளிப்பக்கம்.

"ராஜா எப்படிய்யா வெளிய போனாரு?" என்றார் பேராயர்.

"மணியடிச்சாருங்க ஐயா."

"ஒளிஞ்சிருந்தவரா மணியடிச்சாரு?"

நான் மணிக் கயிற்றை இழுத்தேன். யாரோ செத்துப்போனதாக நினைத்து ஊரே ஓடிவந்து கதவைத் திறந்தது.

பேராயர் சிரித்துக்கொண்டே, "இந்தக் கோயில் சரித்திரம் முழுசையும் எழுதிக் குடு, ஆதாரத்தோட. அதுவரைக்கும் உனக்கு லீவு கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

கம்பளிக் காலுறையும் உன் கையால் செய்த கேக் ஒரு துண்டும் அனுப்பு. உன் தம்பி மகனுடைய சரித்திரப் பாடப்புத்தகத்தையும் வாங்கி அனுப்பு. மாமாவுக்கு என்று மட்டும் சொல்லாதே. தபால்காரர் வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன். ராஜா மூன்றே நாளில் வெளியே வந்துவிட்டார். எனக்குத்தான் வழி தெரியவில்லை.

உன்
அம்ப்ரோஸ்