எனக்கும் இருக்குதாம், மகள்

அன்பு மகள் தனுஷிகாவுக்கு,

அம்மா எழுதுறன். கர்க்லாண்டில நாங்கள் எல்லாரும் நல்ல சுகம், மலாவியில உன்னையும் முருகன் குறையில்லாமல் வைச்சிருப்பான் எண்ட நம்பிக்கையோட தொடங்கிறன். உங்கட ஊரில போன் எடுபடுறதே பெரும்பாடு. உன்னோட வேலை செய்யிற பிள்ளை லீவு முடிஞ்சு திரும்புறாளாம், அதுதான் கடிதத்தையும் பருத்தித்துறை வடையையும் அவளிட்டக் குடுத்துவிடுறன். வடையில அவளுக்கும் பங்கு குடு.

அண்ணான்ர குட்டி கொழுகொழுவெண்டு இருக்கிறாள். அப்பா துறைமுக வேலையால வந்தால் சப்பாத்துக் கழட்ட முதல் தொட்டிலைத்தான் எட்டிப் பாக்கிறார். குட்டியின்ர முப்பத்தொண்டாம் நாள் சடங்குக்கு வரமாட்டன் எண்டு நீ அனுப்பின செய்தியைப் பாத்து எனக்குச் சோறு இறங்கேல்லை. ஊர்ச்சனத்தின்ர குடலைச் சோதிக்கப் போனவள் தன்னையும் சோதிச்சாளாம், மருந்துக்கு அடங்காத கிருமி தனக்கும் இருக்காம், பச்சைப்பிள்ளைக்குக் கிட்ட வரமாட்டாளாம். உன்ர பிடிவாதம் எனக்குத் தெரியாதே?

இப்ப விசயத்தைக் கேள். என்ர பித்தப்பைக் கல்லுக்கு ஒப்பரேசன் எண்டு போன இடத்தில, போன வருசம் யாழ்ப்பாணத்தில டெங்குவோட ஆசுப்பத்திரியில கிடந்ததைச் சொல்லிப்போட்டன். வெளிநாட்டு ஆசுப்பத்திரியில கிடந்த ஆக்களைச் சோதிக்கிறதாம், உடன அங்கத்தை ஹெயிட்டி நாட்டு நேர்ஸ் பிள்ளை பின்பக்கத்தில பஞ்சுக்குச்சி விட்டுச் சோதிக்கவேணும் எண்டிட்டாள். வெக்கத்தில செத்துப்போனன். மறுமொழி வந்துது, அந்தக் கிருமி எனக்கும் இருக்குதாம்! அவள் பாவம், நான் பயந்துபோடுவன் எண்டு மெல்ல மெல்ல விளங்கப்படுத்த வெளிக்கிட்டாள். நான் விட்டாத்தானே. இது வருத்தமில்லை, சுகமான ஆக்களின்ர குடலிலயும் சும்மா இருக்கும், ஆசுப்பத்திரியே இல்லாத ஊரிலயும் இருக்கு, என்ர மகள் ஆபிரிக்காவில அதைத்தான் ஆராயிறாள் எண்டு தெரிஞ்ச பிரெஞ்சு முழுக்கக் கொட்டினன். அவள் மற்ற நேர்ஸ்மாரையும் கூப்பிட்டுக் கேக்கச் சொன்னாள். உனக்கு என்ன வேலை எண்டு கோயிலில கேக்கிற ஆக்களுக்கு ஏதோ ஆராய்ச்சி எண்டு மழுப்பிற நான், அண்டைக்கு மலம் எண்டு வாய் நிறையச் சொன்னன். அவ்வளவு பெருமை எனக்கு.

பேந்துதான் குட்டியின்ர நினைப்பு வந்துது. பிறந்த நாள் தொட்டுக் குளிக்கவாக்கிறது நான்தானே. நேர்ஸையும் கேட்டன், குட்டியின்ர டொக்டரையும் கேட்டன். முழு மாதத்தில பிறந்த சுகமான பிள்ளை, கக்கூசுக்குப் போனாப் பிறகும் பிள்ளையைத் தொட முதலும் சவர்க்காரம் போட்டு வடிவாய்க் கழுவிப்போட்டுத் தாராளமாய்த் தூக்குங்கோ எண்டினம். எனக்கு மருந்தும் தேவையில்லையாம், கனபேருக்குத் தானாய்ப் போயிடுமாம். ஒப்பரேசனும் நல்லபடியாய் முடிஞ்சுது. இப்ப அப்பா வாசலில சவர்க்காரப் போத்தலோட நிக்கிறார், கழுவாமல் ஒருத்தரையும் உள்ள விடுறாரில்லை. கொழும்பால நான் கொண்டுவந்து ஒளிச்சு வைச்ச அன்ரிபயோற்றிக் கப்சூல் எல்லாத்தையும், கண்டபடி விழுங்கினால்தான் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகுதெண்டு, அண்ணா எறியச் சொல்லி மருந்துக்கடையில குடுத்திட்டான். தும்மினால் விழுங்கக் கப்சூல் இல்லையெண்டு அப்பாவுக்குக் கவலை.

இதையெல்லாம் றொஷினிக்கும் சொன்னன். பெத்தவள் அவளல்லோ. அவள் குட்டியைத் தூக்கி என்ர மடியில வைச்சுப்போட்டு, "மாமி தூக்கலாமெண்டால் மச்சாளும் தூக்கலாம், வரச்சொல்லுங்கோ" எண்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்டாய் வந்துது.

நல்லாய் இரு மகள், நோய்நொடி இல்லாமல் நூறு வயசுக்கு இரு. ஜக்கெற்றைக் கையோட கொண்டுவா, இங்க குளிர் துவங்கீட்டுது. ஒண்டை மறந்திடாதை, எங்கட வீட்டில பிள்ளையின்ர காதில முதல் பேர் சொல்லுறது தேப்பனோட பிறந்த மாமிதான். பதிஞ்ச பேர் கடதாசியில கிடக்கு. நாங்கள் இன்னும் அவளைக் குட்டி எண்டுதான் கூப்பிடுறம்.

உன் வரவைப் பாத்திருக்கும்
அம்மா கௌரி