தொண்ணூற்று மூன்றாம் பாட்டு

ஸ்ரீ:

புரட்டாசி 12, ஞாயிறு

அரங்கன்மேல் பாடிவரும் அந்தாதியில் தொண்ணூற்று மூன்றாம் பாட்டை முடித்துக் கைபேசியில் ஏற்றினேன். இன்னும் ஏழு. அதற்குள் என் நண்பர் அப்துல் சுக்கூர் ராவுத்தருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. ஒரே கல்லூரியில் தமிழ் சொன்னவர்கள் நாங்கள். தொண்டையில் அறுவை நடந்தபின் அவருக்குக் குரல் இல்லை; பாலக்கரை வீட்டில் படுக்கையாகிவிட்டார். ‘இந்த முகத்தை நீர் பார்க்க வேண்டாம், பாட்டை மட்டும் அனுப்பும், நூறும் கேட்டுவிட்டே போவேன்’ என்று எழுதினார். வைத்தியர் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை.

நான் எழுதுவது அவர் கைபேசியிலும் தெரியும்படி அவர் மகள் மஜீதா ஏற்பாடு செய்திருக்கிறாள். ஓரத்தில் அவர் குறிப்பு எழுதுவார். இதுவரை எல்லாப் பாட்டும் அவள் திறந்து கொடுத்த ஒரே ஃபைலில் இருந்தன. அது நீண்டுபோய் அங்கே திறக்கத் திணறுகிறதாம். “இனிமே ஒரு பாட்டுக்கு ஒரு ஃபைல் போட்டுடுங்க மாமா” என்றாள். ஆகவே இன்று முதன்முதலாக நானே ஃபைல் திறந்து, நானே பெயரும் இட்டேன்.

புரட்டாசி 14, செவ்வாய்

குறிப்பு வரவில்லை.

பாட்டு தேறினால் ஒரு சொல்லாவது எழுதுவார். தேறாவிட்டால் மௌனம். மீண்டும் எழுது என்பது அதன் பொருள். காரணம் நான் கேட்பதில்லை. அடுத்த பாட்டு எப்போது என்று அவரும் கேட்பதில்லை. இளம் வயதிலேயே இருவரும் வகுத்துக்கொண்ட நெறி இது. ‘அரங்கன் உம்முடையவர், தளை நம் இருவருக்கும் பொது’ என்பார்.

புரட்டாசி 15, புதன்

சரஸ்வதி பூஜை. ஏடுகளோடு கைபேசியையும் பீடத்தில் வைத்தேன். அந்தாதி அதில்தானே இருக்கிறது. என் மனைவி ரெங்கம்மாள் சிரித்தாள். “ஏன்னா, யாராவது கூப்பிட்டா சரஸ்வதியே எடுத்துப் பேசுவாளா?”

அன்று படிக்கவும் எழுதவும் கூடாது; இதையும் மறுநாள்தான் எழுதுகிறேன். பாட்டோ மனத்தை விடவில்லை.

புரட்டாசி 17, வெள்ளி

ஈற்றடியை மாற்றி இரண்டாம் வடிவம் ஏற்றினேன். முன்பு ‘கரை’ என்று முடித்திருந்தேன், இப்போது ‘கழல்’.

புரட்டாசி 20, திங்கள்

மௌனம். மூன்றாம் வடிவம். ஈற்றுச் சொல் ‘நிழல்’.

இந்தச் சொல் உறுதிப்படாமல் தொண்ணூற்று நான்கைத் தொடங்கவே இயலாது. ஒன்றின் முடிவே மற்றதன் தொடக்கம். அந்தாதியின் இலக்கணம் அது.

புரட்டாசி 24, வெள்ளி

ஐந்து வடிவங்கள் ஆயின. ஒவ்வொன்றும் முந்தியதைவிட மெலிந்து வருகிறது, எனக்கே தெரிகிறது. மூப்பினால் என் வாக்கு வற்றிவிட்டது என்று கருதுகிறாரோ? சொல்ல மனமின்றி இருக்கிறாரோ?

“மஜீதாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா கொறைஞ்சா போயிடுவேள்?” என்றாள் ரெங்கம்மாள்.

கேட்கவில்லை. நோயுற்றவரிடம் புகழ் பிச்சை கேட்பதா?

புரட்டாசி 27, திங்கள்

மஜீதாவே அழைத்தாள்.

“மாமா, ஏன் நிறுத்திட்டீங்க? அத்தா தினம் ஃபோனை எடுத்துப் பாத்துட்டு வச்சுடுறாங்க. நான் கேக்கப் போனாக் கையைப் புடிச்சுத் தடுக்குறாங்க. இப்போ அவுங்களுக்குத் தெரியாமத்தான் பேசுறேன்.”

நிறுத்தினேனா? நானா?

ஒன்றுமே போய்ச் சேரவில்லை. என் திரையில் எல்லாம் தெரிந்தமையால் அவர் திரையிலும் தெரியும் என்றிருந்தேன். ஒவ்வொரு பெயரின் ஓரத்திலும் கோடிட்ட சிறு மேகம் ஒன்று இருக்கிறது. ஏதோ அலங்காரம் என்று எண்ணினேன், அடப் பாவமே!

நெட் இருக்கிறதா, இடம் மீதி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் இருக்கிறது. அணைத்துப் போட்டேன். மேகம் அப்படியே நின்றது. மேல உத்தர வீதிக் கைபேசிக் கடைக்காரர் ஆப்பை அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்கிறார் என்று நான் சொன்னதும் மஜீதா பதறிவிட்டாள். “ஐயையோ, அதை மட்டும் பண்ணிடாதீங்க! மேல போகாததெல்லாம் உங்க ஃபோன்ல மட்டுந்தான் இருக்கு. அழிச்சா அத்தனையும் போயிடும்.”

புரட்டாசி 28, செவ்வாய்

திரையைப் படம்பிடித்து அனுப்பச் சொன்னாள். அனுப்பிய சற்று நேரத்தில் அழைப்பு வந்தது.

“மாமா, பேருக்கு முன்னால ஸ்ரீ போட்டு ரெண்டு புள்ளி வச்சிருக்கீங்களே, அதான். அந்தக் குறி பேர்ல இருந்தா இது ஏத்துக்காது. எடுத்துடுங்க.”

எழுதக் கற்ற நாள்முதல் அதை முகப்பில் இடாமல் நான் எதையும் எழுதியதில்லை. ராவுத்தர் ஒவ்வொரு குறிப்பையும் பிஸ்மில்லாவுக்கு ஈடாக 786 என்று தொடங்குவார்; அது தடையின்றி வந்துகொண்டிருந்தது. என்னுடையது வாசலிலேயே நின்றுவிட்டது. விரல் நகர மறுத்தது.

“உள்ள எழுதிக்குங்க மாமா. உள்ள ஒண்ணும் சொல்லாது.”

உள்ளே எழுதினேன். பெயரிலிருந்து எடுத்தேன். மேகம் மறைந்தது. ஐந்து வடிவங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

புரட்டாசி 30, வியாழன்

ராவுத்தருக்கு இப்போது கண்ணும் மங்கிவிட்டதாம். மஜீதா படித்துக் காட்டியிருக்கிறாள்.

“அஞ்சையும் படிச்சேன் மாமா. மொதல்ல எழுதினதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கை காட்டுனாங்க. ‘கரை’ன்னு முடியுதே, அது. அதுக்கப்புறம் மத்ததைக் கேக்கவே இல்ல.”

முதல் நாளே தேறிய பாட்டு அது. இல்லாத மௌனத்திற்கு அஞ்சி, நல்ல பாட்டைத் திரும்பத் திரும்பக் கெடுத்துக்கொண்டிருந்தேன். நாள் ஒன்றுக்கு ஒரு பாட்டு என்றாலும் நூறும் நிறைந்திருக்குமே, ரங்கா! உன் பெயரைச் சொல்லி நான் நிறுத்தி வைத்தது யாரை?

மாலைக்குள் ‘கரை’யில் தொடங்கித் தொண்ணூற்று நான்கை எழுதி அனுப்பினேன்.

ஐப்பசி 1, சனி

தொண்ணூற்று ஐந்து. படித்தபோது அவர் கண் மூடியே இருந்தது என்றாள் மஜீதா. கேட்டாரா என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஐப்பசி 2, ஞாயிறு

ராவுத்தர் போய்விட்டார்.

பாலக்கரைக்குப் போனேன். பார்க்க வேண்டாம் என்று சொன்ன முகத்தைப் பார்த்தேன். மிகவும் சிறுத்திருந்தது. அடக்கம் செய்யும் மையத்தாங்கொல்லைவரை கூடவே நடந்தேன். யாரோ ஒருவர் என் நாமத்தைப் பார்த்துத் தயங்கி, பின் ஒதுங்கி இடம் விட்டார்.

ஐப்பசி 3, திங்கள்

தீபாவளி. ரெங்கம்மாள் எண்ணெய் வைத்துவிட்டாள்.

ஐப்பசி 7, வெள்ளி

“அத்தா ஃபோனை அணைக்க மனசு வரல மாமா. சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். நீங்க எழுதுங்க” என்றாள் மஜீதா.

தொண்ணூற்று ஆறு எழுதினேன். அனுப்பிய உடனே போய்ச் சேர்ந்தது. மூன்றாம் அடியில் ஏதோ ஒரு சொல் உறுத்துகிறது. எது என்று தெரியவில்லை.