ஒன்பது சிவப்புப் புள்ளிகள்

கோட்டைக்குப்பம்
15ஆம் தேதி, ஞாயிறு

அன்பு மகள் எப்சிபாவுக்கு,

நீ செய்து அனுப்பிய வரைபடத்தை இன்று ஆராதனை முடிந்து வந்து பார்த்தோம், பார்த்தவர்கள் நான், உன் நைனா, பக்கத்து வீட்டு கைருன் பீவி, போனில் விரித்துக் காட்டிய அவள் மகள் அஃப்ரீன், ஆக நாலு பேர், நாலு பேரும் ஆண்டவர் கிருபையால் சுகம், நார்வே குளிரில் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். நைனாவுக்கு இருமல் நின்றுவிட்டது, இந்த வாரம் இறாலும் பரவாயில்லை.

உலகத்தில் எந்தெந்தக் கல்லூரியில் வாத்தியார் வேலை காலி என்று புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, தொட்டால் விவரம் விரிகிறது, நன்றாகச் செய்திருக்கிறாய். நைனா முதலில் நம் ஏரியைத்தான் பெரிதாக்கச் சொன்னார், முகத்துவாரம் இம்மாம் அகலமா தொறந்துகீதே, மண்ணு மூடிக்கினது இவனுங்களுக்குத் தெரியாதா இன்னா என்று சண்டைக்கு நின்றார். அஃப்ரீன் உன் ஏரிப் படிப்புக்கு உள்ளதை மட்டும் காட்டச் சொல்லி அமுக்கினாள், அறுபத்து மூன்று புள்ளி நின்றது, நிரந்தர வேலை என்பதையும் அமுக்கியதும் மளமளவென்று மறைந்துவிட்டது, நான் பயந்துபோய் என்னடி கெடுத்தே என்று அந்தப் பெண்ணைத் திட்டிவிட்டேன், பாவம். கெடவில்லையாம், மிச்சமே பதினொன்றுதானாம். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிப் பார்த்தேன், சென்னைப் பக்கம் ஒன்றுகூட இல்லை, சென்னையிலேயே வேலை வரும்மா என்று நீ மாதாமாதம் சொல்வது எதை வைத்து? நார்வேயில் இந்த வேலையும் மார்ச்சோடு முடிகிறதே. பதினொன்றில் விண்ணப்பம் போட்ட பச்சை இரண்டு, வேண்டாம் என்று நீ வைத்த சிவப்பு ஒன்பது. தொட்டால் உனக்காக எழுதிக்கொண்ட குறிப்பும் சேர்ந்து விரியும் என்பதை மறந்துவிட்டாய் போலிருக்கிறது, ஒன்பதிலும் ஒரே காரணம், அதுவும் தமிழில், ‘ரொம்ப தூரம், அம்மா முட்டி’. கைருன் பீவி விழுந்து விழுந்து சிரித்தாள், இன்னாக்கா, நீ பொன்னேரி தாண்ட மாட்டே, உன் முட்டி ஒலகம் சுத்திக்கினு வந்திருக்குது என்றாள். நானும் சிரித்தேன், ஆனால் எட்டுக்குக் கடைசித் தேதி போய்விட்டது என்று பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

கிறிஸ்துமஸ் சமயம் படியில் விழுந்தது உண்மைதான் மகளே, ஆனால் போன மாதத்திலிருந்து ஜெபத்துக்கு முழங்கால் போடுகிறேன், யார் கையும் பிடிக்காமல் எழுந்துவிடுகிறேன், நம்பிக்கை இல்லையென்றால் அஃப்ரீனைக் கேள். நீ பக்கத்தில் இருந்தால் எனக்குக் கசக்குமா, ஆனால் நீ வேலையில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து என் காலைப் பார்த்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியாது. ஒன்பதில் மிச்சமிருக்கிற ஒன்று ஆஸ்திரேலியாவில், கடலோர ஏரி ஆராய்ச்சிதான், இருபத்தெட்டாம் தேதி கடைசி. அதைக் கேட்ட நைனா, போவட்டும், அங்க இன்னா வலை போடுறானுங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லச் சொல்லு என்றார். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதி, இதைப் படம் பிடித்து அனுப்ப அஃப்ரீனிடம் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. போகையிலும் வருகையிலும் கர்த்தர் உன்னைக் காப்பாராக. அந்தச் சிவப்பைப் பச்சையாக்கினாயா இல்லையா என்று சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா,
ரூத் சாம்