எதிரணிக்கு வக்கீல்

ஞாயிறு, இரவு.

தொண்டை கட்டிவிட்டது. சாயங்காலம் சிஞ்ச்வட் டீக்கடைக்கு நான் போய்ச் சேரும்வரை எங்கள் டீக்கடைக் கூட்டத்தில் மூத்தவரான சேகர் அண்ணா கால்பந்துப் பேச்சை யாரையும் எடுக்கவிடவில்லையாம். "அரே, நீ வராம எப்படி? அவனுங்களுக்கு வக்கீல் வேணாமா?"

மூன்று வருடத்துக்கு முன், கோவையிலிருந்து இந்த மராட்டி ஊருக்கு வந்த புதிதில், அரையிறுதிக்கு முதல் நாள் விவரம் தெரியாமல் எதிரணியைப் புகழ்ந்துவிட்டேன். கடையில் கூடும் ஏழு பேரும் முறைத்தார்கள். மறுநாள் நாங்கள் கொண்டாடும் அணி ஜெயித்தது. அதுதான் ராசி என்று, அன்றிலிருந்து பிளேஆஃப் சுற்று வந்தால் எதிரணிக்காக நான்தான் வாதாட வேண்டும்.

இன்று சிக்கல் என்னவென்றால், சொன்னதையெல்லாம் நானே நம்பினேன். புதன்கிழமை எங்களோடு மோதப்போவது கடைசி இடத்தில் தொற்றிக்கொண்டு பிளேஆஃபுக்குள் வந்த அணி. தோற்றாலும் அவர்களுக்கு ஒன்றும் போகாது, பயமில்லாமல் ஆடுவார்கள். இடது ஓரமாகப் பாய்ந்து வரும் அவர்களுடைய விங்கரைப் பிடிக்க எங்களிடம் ஆளே இல்லை.

"நல்லா பயமுறுத்துறப்பா" என்று அண்ணா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் பால் வாங்க மட்டும்தான் வாயைத் திறப்பேன். புதன்கிழமை தோற்றால் பழி என் மேல்தான். இருக்கட்டும். என்னைத் திட்ட இந்த ஊரில் ஏழு பேர் இருக்கிறார்கள்.