வலக்கை மூலையில் வெள்ளைக் கட்டம்

திருவண்ணாமலை
13.8.1984

கோமளாவின் அம்மாவுக்கு,

நீ கீழ்பென்னாத்தூரில் உன் அம்மா வீட்டுக்குப் போய் ஆறு வாரம் ஆகிறது. நான் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டேன். கோமளா குறை சொல்வதில்லை; தண்ணீர்தான் நிறையக் குடிக்கிறாள்.

சனிக்கிழமை எங்கள் பள்ளியில் சிறுவர் சதுரங்கப் போட்டி. சதுரங்கமும் விளையாட்டுதானே என்று டிரில் வாத்தியாரான என்னையே நடுவராக்கிவிட்டார்கள். இருபது பலகைகளையும் வரிசை பிசகாமல் வைத்து விசில் ஊதினேன்.

கோமளா எழுந்தாள். "அப்பா, பலகையெல்லாம் திரும்பியிருக்கு. வலக்கை மூலையில வெள்ளைக் கட்டம் வரணும்."

"இங்க நான் சார். வாய மூடிக்கினு ஆடு," என்றேன். இந்த வாக்கியம் உனக்கும் பழக்கமானதுதான்.

அவள் வாயை மூடிக்கொண்டு ஆடித் தோற்றாள். வென்றிருந்தால் வேலூர் போட்டிக்குப் போயிருப்பாள். சாயங்காலம் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். அவள் சொன்னதுதான் சரி. தவறு என்னுடையது என்று தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மறுபடி ஆடினார்கள். கோமளா இம்முறை விதிப்படி தோற்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்: "அம்மாவுக்கும் அதையே எழுதுப்பா. இப்பதான் பழகிடுச்சில்ல?"

தவறு என்னுடையது.

தலைமையாசிரியர் அன்றே பதில் சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
கோமளாவின் அப்பா