அக்கரைக்குப் போன மாமியார்

ஏப்ரல் 6

நில அளவையாளர் வந்தார். முக்காலியை மணலில் ஊன்றி, ஒற்றைக் கண்ணை இடுக்கி அரைநாள் பார்த்தார். என் தேநீரையும் குடித்துவிட்டுத் தலையில் ஒரு குண்டைப் போட்டார். போன புயலில் ஆற்றுமுகத்து மணல்திட்டு நகர்ந்துவிட்டதாம். நாட்டு எல்லை நகரவில்லையாம். ஆலாப் பறவைகள் வருடா வருடம் முட்டையிடுகிற மேடு இப்போது பக்கத்து நாட்டில்.

"அப்போ பறவைங்க?"

"அதுங்களும் அங்கதாம்மா."

எத்தனை வருடக் காவல்! நாயை விரட்டி, படகை விரட்டி, படம் பிடிக்க வருகிறவர்களை விரட்டி... சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயிருக்கிறது. நன்றி கெட்ட மணல்.

எதிர்க்கரையில் குடைக்காரர் தொலைநோக்கியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாட்டுக் காவலர். கறுப்புக் குடை இல்லாமல் அவரைப் பார்த்ததே இல்லை. நேரில் சந்தித்ததும் இல்லை, வயர்லெஸ்ஸில் சண்டை போட்டதோடு சரி. 'எங்க பறவை', 'உங்க படகு' - எப்போதும் இதுதான் சண்டை. இன்று கையை ஆட்டினார். கொழுப்பு! நான் ஆட்டவில்லை.

ஏப்ரல் 9

மண்டல அதிகாரி கூப்பிட்டார். "பறவை இல்லாத இடத்துக்குக் காவல் எதுக்கும்மா? இந்தப் பருவத்துல நம்ம பக்கம் கூடு வைக்கலைன்னா உங்க காவல் குடிலை மூடிருவோம். தலைமை அலுவலகத்துல, படகு உரிமம் புதுப்பிக்கிற கவுன்ட்டர்ல ஒரு இடம் காலியா இருக்கு."

நானா? கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து 'அடுத்தவங்க வாங்க' என்றா? செத்தாலும் மாட்டேன்.

வழியையும் அவரே சொன்னார். மரத்தில் ஆலா பொம்மைகள் செய்து நம் மணலில் நட்டு வைத்தால், கூட்டம் இருக்கிறது என்று நம்பி நிஜப் பறவைகள் இறங்குமாம். பறவைகளை ஏமாற்ற அரசாங்கமே அனுமதி கொடுக்கிறது!

ஏப்ரல் 14

வீட்டுக்காரர் பள்ளியில் ஓவிய ஆசிரியர். ஆசையாகச் செதுக்க ஆரம்பித்தார். கூடமெல்லாம் மரத்தூள், சாப்பாட்டு மேசையில் வெள்ளைப் பெயின்ட். ஒன்றுக்கு மட்டும் அலகு கோணிக்கொண்டு, எதைப் பார்த்தாலும் பிடிக்காத ஒரு முகம் வந்துவிட்டது.

"அப்படியே உங்கம்மா," என்றேன்.

"எங்கம்மாவை எதுக்குடி இழுக்கற?" என்றவர், தள்ளி நின்று பார்த்துவிட்டு அவரே சிரித்துவிட்டார். அதற்கு மாமியார் என்றே பெயர் வைத்தாயிற்று.

ஏப்ரல் 17

நட்டாயிற்று. மாமியார் முன்வரிசையில். நிஜ ஆலா ஒன்று வந்தது, சுற்றிப் பார்த்தது, மாமியார் தலையில் எச்சமிட்டுவிட்டுப் போனது.

வயர்லெஸ்ஸில் குடைக்காரர்: "மேடம், உங்க பறவைங்க ரொம்ப ஒழுக்கம். அசையவே மாட்டேங்குதே!"

எதிரிக்கும் நகைச்சுவை உண்டு போல.

ஏப்ரல் 20

வந்துவிட்டன! நாலைந்து ஜோடி. மாமியாருக்குப் பக்கத்தில் ஒரு ஆண், வாயில் மீனோடு நின்று கெஞ்சுகிறது. அது பெண்ணுக்குக் கொடுக்கிற சீர். மாமியார் வாங்கிக்கொள்ளவில்லை. கடைசியில் பாவம், தானே தின்றது.

கவுன்ட்டரே, உனக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

ஏப்ரல் 23

கூட்டமே நம் பக்கம் வந்துவிட்டது. மார்பால் மணலைக் கிளறிக் குழி பறிக்கின்றன, முட்டையிட. நாளையோ மறுநாளோ. மண்டல அதிகாரி "சபாஷ்" என்றார். அவர் வாயிலிருந்து!

குடைக்காரர் சத்தமே இல்லை. தோற்றவருக்குத் தொண்டை அடைக்கும்தானே.

ஏப்ரல் 24

இதை எழுதவே கை வரவில்லை.

காலையில் போய்ப் பார்த்தால் மாமியார் கழுத்தில் பாசி, மாலை போட்டது மாதிரி. ராத்திரி கடல் ஓதம் அவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது. அதுவும் இது சின்ன ஓதம், அரைநிலவு; அமாவாசைக்கு நனையாத மணல் அதற்குள் இன்னும் கரைந்து இறங்கிவிட்டது. அடுத்த வாரம் பௌர்ணமி. நம் பக்கம் மொத்தமும் முங்கிவிடும் - குழிகள், முட்டைகள், எல்லாம்.

எனக்குத் தெரியாமலா இருந்தது? புயலுக்கு அப்புறம் மணல் தாழ்ந்திருப்பதைப் பார்த்தேனே. பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். குடிலுக்காக.

வயர்லெஸ் கரகரத்தது. இந்த முறை கிண்டல் இல்லை. "மேடம், பாசியைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"நான் முந்தியே சொல்லியிருக்கணும். பொறாமையில சொல்றேன்னு நினைப்பீங்களோன்னு..."

அப்படித்தான் நினைத்திருப்பேன். முட்டை இட்டுவிட்டால் ஒரு பறவையும் எழுந்து போகாது. இன்றைக்கே பொம்மைகளை எடுத்து அக்கரை மேட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். எடுத்தால் குடில் போச்சு. என் ஜன்னல், என் தொலைநோக்கி, என் காலை நேரம் எல்லாம் போச்சு. வீட்டுக்காரர் காலணியை மாட்டிக்கொண்டு வந்து படகில் உட்கார்ந்தார்.

எல்லை மிதவைகளுக்கு இந்தப் பக்கம் எங்கள் படகு, அந்தப் பக்கம் அவருடையது. யாரும் தாண்டக் கூடாது. துடுப்பு நுனியில் சாக்கைக் கட்டி, பொம்மைகளை அதில் போட்டு நீட்டினேன். ஒரு கையில் குடை, மறு கையில் அலையாடும் சாக்கு. விழப் பார்த்தார். அப்போதும் குடையை விடவில்லை, மனுஷன்!

"மரப்பறவைக்குப் பாஸ்போர்ட் வேணுமா மேடம்?"

"அந்தக் கோண மூக்கு மட்டும் பத்திரம். அது எங்க மாமியார்."

"அப்படின்னா மேட்டுலயே உட்கார வெச்சிர்றேன்."

தொலைநோக்கியில் பார்த்ததைவிடக் குள்ளம். கண்கள் மட்டும் ரொம்பப் பெரிது. திரும்பும்போது நான் அழுதேன். வீட்டுக்காரர் வேறு எங்கோ பார்த்தபடி துடுப்பு போட்டார்.

ஏப்ரல் 25

அதிகாரியிடம் நானே சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி. அவர்: "நியாயந்தாம்மா. ஆனா குடில்..."

தெரியும் சார்.

ஏப்ரல் 28

மாமியாருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நிஜ மாமியாருக்கு. தொலைபேசியில், "என்னைய நாடு கடத்திட்டியாமேடி?" என்று ஒரு பிடி பிடித்தார். பிறகு குரல் இறங்கிற்று: "அங்கயாவது முட்டை தங்குமா?"

மே 1

பௌர்ணமி. நம் பக்கம் முழுக்கத் தண்ணீர். பொம்மைகள் நின்ற இடத்தில் மீன் துள்ளுகிறது. அக்கரை மேட்டில், ஈரம் படாத மணலில், வெள்ளை வெள்ளையாக உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் ஒரு கோண மூக்கு.

குடைக்காரர் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். ஜன்னல் வழியே ஒரு துண்டையும் எடுத்து ஆட்டினேன்.

மே 4

சாவியைக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 2

'அடுத்தவங்க வாங்க.' இன்று எத்தனை தடவை சொன்னேனோ! நாற்காலி சுழல்கிறது, அது ஒன்றுதான் ஆறுதல்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பு, ஆற்றுமுகத்துப் படகுக்காரர் ஒருவர் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது கைபேசி அடித்தது. குடைக்காரர். சாவி கொடுத்த அன்று வயர்லெஸ்ஸில் என் எண்ணைச் சொல்லியிருந்தேன். ஹலோகூடச் சொல்லவில்லை. கைபேசியைத் திட்டுப் பக்கம் நீட்டிப் பிடித்திருக்கிறார். நான் பதற்றத்தில் ஒலிபெருக்கியை அமுக்கிவிட்டேன். கூடம் முழுக்கக் கீச்சு கீச்சென்று ஒரே கூச்சல். வரிசையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னம்மா சத்தம் அது?"

"பிள்ளைங்க. பசி."

"உங்களுதா?"

"எங்களுது. அக்கரையில எங்கண்ணன் பார்த்துக்கறார். மீன் மட்டும் தாய்ப்பறவைங்க உங்க படகு போற வழியிலதான் பிடிச்சுக் கொடுக்கணும். ஆழமில்லாத தண்ணி அங்கதானே இருக்கு."

படகுக்காரர் கண்ணாடிப் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டார். "அப்படின்னா அந்த இடத்துல மெதுவாப் போறேன்மா," என்றார்.

அவர் உரிமத்தில் முத்திரையைத் தலைகீழாகக் குத்திவிட்டேன். கண் சரியாகத் தெரியவில்லை.