ஏரிக்குப் போகும் ஃப்ளெக்ஸ்

அக்கா,

வீடு முழுக்க ஃப்ளெக்ஸ் வாடை. சைகோனின் சோலோன் பேட்டையில் அச்சடித்துச் சுருட்டியதைக் காலையில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் சங்கத்திலிருந்து என்று சொல்லி வாசலில் சாத்திவிட்டுப் போனான். மண்ணெண்ணெயில் புது ரப்பர் செருப்பை ஊறவைத்தது போல ஒரு நாற்றம். என் வீட்டுக்காரரின் மசாலா மூட்டைகளையே அமுக்கிவிட்டது. பிரித்துப் பார்த்தேன். ஆளுயரத்துக்கு நீங்கள் கைகூப்பிச் சிரிக்கிறீர்கள். தலைக்கு மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. காலடியில் ‘இன்பச் சுற்றுலா’.

நீங்கள் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. நம் ஊர்க்காரர்கள் மறுபடியும் பாவ் ட்ராங் ஏரிக்குக் கிளம்புகிறார்கள், அதுவும் உங்கள் பெயரைச் சொல்லி. வாட்ஸப்பில் ஒரு வாரமாக இதே பேச்சு. மணல்மேட்டில் ஏற எத்தனை ஜீப், எவன் பிரியாணி, எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டீஷர்ட்டா வேண்டாமா! நம் தமிழ்ச் சங்கச் செயலாளர் குரல் செய்தி போட்டிருக்கிறார்: “அக்கா ஞாபகமா ஏரிக்கரையில ஃப்ளெக்ஸ கட்டிட்டு ரெண்டு நிமிஷம் மௌன அஞ்சலிங்க. அப்புறம் ஜீப்பு, சாப்பாடு, பாட்டுக்குப் பாட்டு.”

அந்த ஏரியை எனக்குச் சொன்னதே நீங்கள்தான். சைகோன் கைமாறிய பிறகு உங்கள் காரைக்கால் அப்பா கப்பலேறிவிட, வியட்நாமிய அம்மாவோடு இங்கேயே தங்கிவிட்டவர் நீங்கள். மார்க்கெட் வாசலில் என் காரைக்கால் பேச்சைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். “பாலைவனம் மாதிரி மணலு, புள்ள. நடுவுல பாத்தா தாமரை. சாமி மறந்து வச்சிட்டுப் போன மாதிரி இருக்கும். ஒன்னய ஒருநா கூட்டிட்டுப் போறேன்” என்பீர்கள். வருடா வருடம் திட்டம் போட்டோம். வருடா வருடம் கடை, காய்ச்சல், மழை. கடைசியில் சங்கத்து பஸ்ஸில் போனோம்.

போய் இறங்கியதும் நீங்கள் செருப்பைக் கழற்றி, தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டீர்கள். வெள்ளை மணலில் கண் கூசியது. தாமரை இலைகளுக்கு நடுவே ஒரு பறவை நடந்து போயிற்று. அவ்வளவு அழகு, அக்கா.

பிறகு பந்தி. மணலில் பாய் விரித்து, இலை போட்டுப் பரிமாறினோம். வழித்துத் தின்றார்கள். தின்றவர்கள் இலையை அப்படியே விட்டு எழுந்து ஜீப்பைப் பார்க்கப் போனார்கள். கல்யாண மண்டபம் என்று நினைப்பு! காற்று ஒரு தூக்குத் தூக்கியதும் எச்சில் இலையும் தயிர்ச் சோறும் எலும்பும் தாமரைக்குள் போய் விழுந்தன. எண்ணெய் படலமாக மிதந்தது.

நீங்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, சொட்டச் சொட்ட ஓர் இலையைத் தூக்கிப் பிடித்துக் கத்தினீர்கள். “ட்ரோய் ஓய்! கடவுளே! சீ, என்னா அசிங்கம் இது! தின்ன கைதானே, எடுத்துப் போட என்ன நோவு?”

செயலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். “பந்தியில சாப்ட்டவங்க இலைய எடுத்தா விருந்து வச்சவங்களுக்குக் குறைச்சலாச்சே அக்கா.”

“விருந்து வச்சது யாரு? இந்த ஏரிதானா?”

ஒருத்தரும் அசையவில்லை. ஒருவர் போட்டோ எடுத்தார். நீங்களும் நானும் பொறுக்கினோம். அங்கே குப்பைத்தொட்டி இல்லை. அரிசிச் சாக்கில் அடைத்து, மடியில் வைத்துக்கொண்டே சைகோன் வரை வந்தீர்கள். பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். “இப்ப நாறுதுல்ல?” என்று மட்டும் கேட்டீர்கள்.

அந்தப் போட்டோதான் அக்கா இந்த ஃப்ளெக்ஸில்! கையிலிருந்த இலையை அழித்துவிட்டுக் கைகூப்ப வைத்திருக்கிறார்கள். வேறு எவளுடைய சிரிப்பையோ உங்கள் வாயில் ஒட்டியிருக்கிறார்கள். வெட்கம் கெட்டவர்கள். கண்ணை மட்டும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த அருவருப்பு அப்படியே இருக்கிறது.

செயலாளருக்கு போன் செய்தேன். “கிளம்பும்போது ஃப்ளெக்ஸ யாரு கழட்டுறது?”

“அத யாருங்க கழட்டுவா? காத்து பாத்துக்கும்.”

காற்று என்ன பார்த்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். ரெண்டு மழையில் நீங்கள் அந்தச் சேற்றில், எலும்புகளோடு, குப்புறக் கிடப்பீர்கள். யாரைச் சொல்லி அழைத்துப் போகிறார்களோ அவரையே எச்சில் இலையாக விட்டுவிட்டு வருவார்கள். நான் போகாமல் இருந்துவிடலாம். ஆனால் ஃப்ளெக்ஸ் போகுமே.

“நானே பத்திரமா எடுத்துட்டு வர்றேன்” என்று சொல்லி போனை வைத்தேன்.

கடையிலிருந்து கோணி ஊசியும் சணல் நூலும் எடுத்துவந்தேன். ‘இன்பச் சுற்றுலா’வை வெட்டி எறிந்தேன். மீதியை மடித்து, சாக்காகத் தைத்துவிட்டேன். விரலெல்லாம் பொத்தல். அந்தப் பொய்ச் சிரிப்பைத் தையலுக்குள் மடக்கிவிட்டேன், அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். சாக்கின் வாய்க்குக் கீழே உங்கள் கண்கள் மட்டும் தெரிகின்றன. பந்தி முடிந்ததும் அதை ஒவ்வொருவர் முன்னாலும் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு எவன் இலையை விட்டுவிட்டு எழுந்திருக்கிறான் என்று பார்க்கிறேன்.

திரும்பும்போது சாக்கு என் மடியில்தான் இருக்கும். நாறட்டும்.